தெங் ருய்லியான் திருத்தாத சொல்

நீளமான வசனம் பேசத் தொடங்கும் முன் கோங் தாவ்மிங் அரை அடி பின்னால் வைப்பார். வலது கால் முதலில் போகும். இடது கால் மெதுவாக அதன் பக்கத்தில் போய் நிற்கும். யோசனையில் ஆழ்ந்த மனிதன் தன்னையறியாமல் பின்வாங்குவது போல அவ்வளவு இயல்பாக இருக்கும். பார்வையாளர் யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். நான் மேடையின் இடது ஓரத்தில், திரை மறைவில், உடை மாற்றும் மூலையில் கையில் ஊசியோடு இருபத்தாறு வருடம் நின்றவள். எனக்குத் தெரியும்.

அவர் பின்னால் போனால், எதிரில் நிற்பவர் அவர் முகத்தைப் பார்த்துப் பேசத் திரும்பியாக வேண்டும். திரும்பினால் முதுகு மக்களுக்குப் போய்விடும். எதிரில் நின்றது பெரும்பாலும் தெங் ருய்லியான். நாடகங்கள் மாறின. அவர் டாக்டராக, நீதிபதியாக, ஆலை மேலாளராக வந்தார். அவள் மனைவியாக, விதவையாக, கட்சிச் செயலாளராக வந்தாள். அரை அடி மட்டும் மாறவில்லை.

அதனால் அவள் உடைகளை நான் வேறு மாதிரி தைக்கப் பழகினேன். மற்ற நடிகைகளுக்குக் கழுத்துப் பட்டியிலும் மார்பிலும் வேலைப்பாடு வைப்பேன். தெங்குக்கு முதுகில் வைப்பேன். நல்ல துணி குறைவாக இருந்தால் அதைப் பின்பக்கத்துக்கு வெட்டிக்கொண்டு, முன்பக்கத்துக்கு மட்டமானதைப் போட்டு ஒப்பேற்றுவேன். ஒரு தடவை அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். கண்ணாடி முன் நின்று முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

"ஏன்டி சின்ன ஃபெய், முதுகுக்குப் பட்டு, மூஞ்சிக்கு நேரா கோணிச் சாக்கா?"

"அக்கா, ஜனங்க பாக்கறது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஊசிகள் செருகியிருந்த பஞ்சு உருண்டையை எடுத்து என்மேல் எறிந்தாள். கன்னத்தில் கீறல் விழுந்தது. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "துடைச்சுக்கோ, பட்டுல ரத்தம் படப்போகுது" என்றாள்.

எனக்கு அவளைப் பிடிக்காது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குழுவில் யாருக்கும் அவளைப் பிடிக்காது. அவளுக்கும் யாரையும் பிடிக்காது.

ஜென்ஜியாங்கில் புளிக்காடி, அதாவது வினிகர், செய்யும் ஆலையின் குடியிருப்பில் பிறந்தவள். அப்பா, அம்மா, அண்ணன் எல்லோரும் ஆலையில் வேலை. பள்ளி முடித்து அவளும் அங்கேதான் சேர்ந்தாள். புளிக்க வைத்த அரிசியை மரத் துடுப்பால் கிளறுகிற வேலை. ஆறு வருடம். கலாசாரப் புரட்சி முடிந்து நாடகக் குழுக்களுக்கு மறுபடி பரீட்சை வைத்து ஆள் எடுக்க ஆரம்பித்தபோது, வேலை முடிந்து குளிக்காமல்கூட நேரே வந்து வரிசையில் நின்றாளாம். முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள் வாடை தாங்காமல் தள்ளி நின்றார்களாம். மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் குரல் கேட்டது அவளுக்கு மட்டும்தான். எங்கள் நதிவாசல் நாடகக் குழுவில் அப்படித்தான் சேர்ந்தாள்.

அந்தக் குரலை மேடைக்கு வெளியிலும் அவள் குறைத்துக்கொண்டதில்லை. ஒரு புது நடிகை ஒத்திகையில் அழுது நடித்தபோது, "நீ அழறப்போ ஜனங்க மணி பாக்கறாங்க" என்றாள். விளக்குப் பிரிவில் இருந்த கணவன் விவாகரத்து வாங்கிக்கொண்டு நான்ஜிங் போனபோது, எல்லோர் முன்னாலும் அவன் பெட்டியைத் தூக்கி எடை பார்த்து, "விளக்கு ஏதும் எடுத்துட்டுப் போகல, நல்ல மனுஷன்" என்றாள்.

அவளுடைய முதல் பெரிய வேடம் எண்பத்து மூன்றில் கிடைத்தது. நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, உடைப்பிரிவில் வேலைக்குச் சேர்ந்த வருடமும் அதுதான். நாயகிக்குக் காய்ச்சல். அன்று பிற்பகல் காட்சிக்கு யாரை நிறுத்துவது என்று கேட்டபோது, கூட்டத்தில் ஒருத்தியாக நான்கு வருடம் நின்றுகொண்டிருந்த தெங்கின் பெயரைச் சொன்னவர் கோங். அது உண்மை. அதை அவர் அதற்கப்புறம் ஒரு வாரம்கூடச் சொல்லாமல் இருந்ததில்லை.

"நான்தான் இவளை மேடையேத்தினேன்" என்பார். பத்திரிகைக்காரரிடம் சொல்வார். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் சொல்வார். நூடுல்ஸ் கடையில், எங்கள் ஊர் வழக்கப்படி பானைக்குள் மிதக்கிற மரமூடியை அகப்பையால் தள்ளிக்கொண்டிருக்கும் கடைக்காரியிடமும் சொல்வார். எங்கள் மொழியில் மேடை ஏறுவதென்றால் பதவிக்கு வருவதும்தான். மேடை இறங்குவதென்றால் பதவி போவது. அதனால் அவர் அதைச் சொல்லும்போது, அவள் தின்கிற சோறே அவர் போட்டது என்கிற மாதிரி கேட்கும். தெங் பதில் சொல்ல மாட்டாள். அவள் பதில் சொல்லாத ஒரே பேச்சு அது.

கோங் நாற்பத்தைந்து வயதில் குழுவின் துணைத் தலைவர் ஆனார். கூப்பிடும்போது அந்தத் துணையை யாரும் சொல்வதில்லை. 'தலைவர்' என்றே கூப்பிட்டோம். முதல் நிலை நடிகர் என்ற தகுதியும் அவருக்கு அப்போதே கிடைத்துவிட்டது. தெங் இரண்டாம் நிலை. அவள் ஆசைப்பட்டது அந்த ஒரு படிதான். சுவரொட்டியில், நிகழ்ச்சித் தாளில், கடைசியில் இரங்கல் அறிவிப்பில்கூட, பெயருக்கு முன்னால் 'முதல் நிலை நடிகை' என்று வர வேண்டும். வேறு எதற்காகவும் அவள் யாரையும் போய்ப் பார்த்ததில்லை. இதற்காகப் பண்பாட்டு அலுவலகத்துக்கு நூறு தடவை நடந்திருப்பாள்.

அதற்கு அந்தக் காலத்தில் ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். டாக்டருக்கும் அதே விதி, பாலம் கட்டுகிறவனுக்கும் அதே விதி, மேடையில் அழுகிறவளுக்கும் அதே விதி. யாங்சி ஆற்றைத் தாண்டி எதற்கும் போகாத பின்திரை ஓவியர்கூட ஆங்கிலம் படித்தார். தெங் இரண்டு வருடம் தொடர்ந்து தோற்றாள். இரண்டாயிரத்து ஒன்பதில் அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஐம்பத்தைந்தில் ஓய்வு. மார்ச் மாதத் தேர்வுதான் கடைசி.

ஜனவரியில் குழுவிலேயே வகுப்பு வைத்தார்கள். கல்லூரியில் கற்பிக்கும் கே யுன் என்ற இளம்பெண் வாரம் இரண்டு பிற்பகல் வந்தாள். ஒத்திகைக் கூடத்தில் சூடேற்றும் வசதி கிடையாது. பேசினால் வாயிலிருந்து புகை வரும். தேர்வு எழுதவிருந்த ஏழு பேரும் கனத்த கோட்டோடு, மடியில் வெந்நீர்ப் பையோடு உட்கார்ந்திருப்பார்கள். நான் மூலையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பேன். கூடத்தில் வெப்பமாக இருந்த ஒரே பொருள் என் இஸ்திரிப் பெட்டிதான் என்பதால், இரண்டாவது வாரத்திலேயே வகுப்பு முழுவதும் என் மேசையைச் சுற்றி வந்துவிட்டது.

தேர்வுப் பாடங்கள் விவசாயம், புகைபிடித்தல், திமிங்கிலம் என்று போகும். எல்லோரும் தூங்கினார்கள். இவர்களை விழித்திருக்க வைக்கக் கே யுன் ஒரு வழி கண்டுபிடித்தாள். வாரம் ஒரு ஆங்கில நாடகச் சொல், அதன் பொருள், அதைப் பயன்படுத்தும் விதம் என்று ஒரு தாள் அச்சடித்துக் கொண்டுவந்தாள். முதல் வாரம் ஒத்திகை. அடுத்து திரை. மூன்றாவது வாரம் அவள் பலகையில் எழுதிய சொல் 'அப்ஸ்டேஜ்'.

கீழே ஒரு வாக்கியம் எழுதினாள். ஒரு குழந்தை, ஒரு பெரிய நடிகரை அப்ஸ்டேஜ் செய்தது. இதை மொழிபெயருங்கள் என்றாள்.

அகராதியைப் புரட்டக்கூட யாருக்கும் தேவைப்படவில்லை. 'அப்' என்றால் மேலே. 'ஸ்டேஜ்' என்றால் மேடை. மேலே, மேடை. எங்கள் மொழியில் மேடையேறுவதை எழுதும் இரண்டு எழுத்துகளும் அவையேதான், அதே வரிசையில். ஏழு பேரும் ஒரே மாதிரி எழுதினார்கள்: குழந்தை நடிகரை மேடையேற்றியது.

ஓவியர்தான் சந்தேகம் கேட்டார். "குழந்தைக்கு என்ன வயசு? பெரிய நடிகர்னா கொஞ்சம் கனமா இருப்பாரே."

சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கோங் தேநீர்க் குடுவையோடு கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு எந்தத் தேர்வும் இல்லை. சும்மா பார்க்க வருவார். பலகையைப் படித்தார்.

"மேடையேத்தறது. இதுக்கெல்லாம் ஒரு வகுப்பா?" என்றார். தெங்கைக் குடுவையால் சுட்டிக்காட்டினார். "உதாரணம் வேணும்னா இங்கயே இருக்கு. நான் இவளை எப்பவோ அப்ஸ்டேஜ் பண்ணிட்டேன்."

கே யுன் கையில் சுண்ணக்கட்டியோடு வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

அவள் பலகைப் பக்கம் திரும்பினாள். அப்புறம் எல்லோரும் எழுதியதை அடிக்கச் சொன்னாள். அந்த நாட்டின் பழைய அரங்குகளில் மேடை சமதளமாக இருக்காதாம்; பின்னால் போகப் போகச் சரிவாக உயர்ந்திருக்குமாம். அதனால் மேடையின் பின்பகுதியை அவர்கள் மேல் என்பார்களாம். கூட நடிப்பவர் ஒருவர் அந்த மேல்பக்கம் நகர்ந்துவிட்டால், மற்றவர் மக்களுக்கு முதுகு காட்டித்தான் அவரோடு பேச முடியும். நகர்ந்தவரின் முகம் தெரியும். மற்றவரின் முகம் போய்விடும். இப்படிச் செய்வதற்குத்தான் அப்ஸ்டேஜ் என்று பெயர். யாரைச் செய்தோமோ அவர் பெயர் அந்தச் சொல்லை அடுத்து வர வேண்டும். இப்போது நாடகத்துக்கு வெளியிலும் சொல்கிறார்கள். கல்யாணத்தில் மணப்பெண்ணைவிட நன்றாக உடுத்திக்கொண்டு வருகிற தோழி மணப்பெண்ணை அப்ஸ்டேஜ் செய்கிறாள். மேடை ஏறுவதற்கும் ஏற்றுவதற்கும் இந்தச் சொல்லை ஒருபோதும் போடக்கூடாது.

நம் மொழியில் காட்சியைப் பறிப்பது என்கிறோமே, அதுதானே என்று ஓவியர் கேட்டார். கிட்டத்தட்ட அதுதான் என்றாள் கே யுன். ஆனால் கத்தியும் பறிக்கலாம், அழுதும் பறிக்கலாம். இது பின்னால் போயே பறிப்பது.

நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். யாரும் தெங்கைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவ்வளவு கஷ்டப்பட்டார்கள். அவள் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். கொறிப்பது நின்றது.

"கே டீச்சர், 'என்னை'ங்கறது எங்க வரும்?"

"சொல்லுக்கு அடுத்து, தெங் டீச்சர்."

"இருபத்தாறு வருஷமா நடக்குது. இன்னும் முடியல. அதுக்கு எந்தக் காலம் போடணும்?"

கே யுன் தயங்கிக்கொண்டே பலகையில் எழுதிக் காட்டினாள். நீளமாக இருந்தது. தெங் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதிக்கொண்டாள்.

"இது பரீட்சைக்கு வராது, டீச்சர்."

"பரீட்சைக்குக் கேக்கல."

அந்தப் பலகையை ஒரு வாரம் யாரும் அழிக்கவில்லை. படிக்காத எனக்கும் அந்தச் சொல்லின் வடிவம் மனப்பாடம் ஆகிவிட்டது.

அடுத்த ஒத்திகையில் சண்டை வந்தது. வசந்த விழாவுக்கான நாடகம். மனைவி கணவனின் பழைய கடிதங்களைக் கண்டுபிடித்துவிட்டுப் பேசும் காட்சி. கோங் வழக்கம்போல் அரை அடி பின்னால் வைத்தார். தெங் திரும்பவில்லை. அவளும் அரை அடி பின்னால் வைத்தாள். அவர் வசனத்தை நிறுத்தாமல் இன்னும் ஒரு அடி போனார். அவளும் போனாள். இயக்குநர் வாயில் சிகரெட்டோடு பார்த்துக்கொண்டிருந்தார். கடிதம், கள்ளக்காதல், கண்ணீர் எல்லாவற்றையும் பேசிக்கொண்டே இரண்டு பேரும் பின்னால் பின்னால் போய், கடைசியில் பின்திரையில் வரைந்திருந்த ஜன்னலில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். ஓவியர், பெயின்ட் இன்னும் காயவில்லை என்றார்.

இரண்டு கோட்டின் முதுகிலும் பச்சை. அதை மண்ணெண்ணெய் போட்டு எடுத்தது நான்.

"என்ன விளையாட்டு இது?" என்றார் கோங்.

"நீங்க எங்க போறீங்கன்னு பாக்க வந்தேன், தலைவரே. இத்தனை வருஷமா தெரியாமப் போச்சு."

கோங் கோபத்தில் கத்துகிறவர் இல்லை. கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். எல்லோருக்கும் கேட்கும்படி நிதானமாகச் சொன்னார். "பரீட்சையில தேறிடுவேன்னு நெனப்பு. தேறு. ஆனா உன் படிவம் எந்த மேஜைக்கு வரும்னும் நெனச்சுப் பாத்துக்கோ."

அவள் தேறிவிட்டாள். தேறுவதற்கு வேண்டியதைவிட இரண்டு மதிப்பெண் கூட என்று பின்னால் தெரிந்தது. மதிப்பெண் தாளை யாருக்கும் காட்டவில்லை; ஆனால் அன்று உடைப்பிரிவில் வந்து உட்கார்ந்து, எந்தக் குறையும் சொல்லாமல் ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போனாள். அப்படித் தெரிந்துகொண்டேன்.

முதல் நிலைக்கான படிவத்தில் பன்னிரண்டு பக்கம். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம்: பணியிடத்தின் கருத்து. அதில் மூன்று வரி, ஒரு கையெழுத்து, சிவப்பு முத்திரை. குழுவின் உண்மையான தலைவர் இருதய நோயில் படுத்திருந்ததால் கையெழுத்து கோங்குடையது. ஜூன் முப்பதுக்குள் பண்பாட்டு அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். ஏப்ரலிலேயே கோங்கிடம் கொடுத்துவிட்டாள். மே முழுவதும் அது அவர் இழுப்பறையில் கிடந்தது. மறுத்தால் காரணம் எழுத வேண்டும், அதனால் மறுக்கவில்லை. பார்க்கிறேன் என்றார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஜூனில் இங்கிலாந்தின் ஏதோ கடற்கரை ஊரிலிருந்து ஒரு நாடகக் குழு விருந்தாளியாக வந்தது. வெள்ளிக்கிழமை காலை எங்கள் அரங்கில் வரவேற்பு, பின் மதிய விருந்து. கோங் பேச வேண்டும். மொழிபெயர்க்கக் கே யுன்னை ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆனாலும் ஒரு வரியைத் தானே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை அலுவலக எழுத்தர் ஹாவ் ஒரு தாளோடு ஒப்பனை அறைக்கு வந்தார். நான் தெங்கின் உடையில் இடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"தெங் டீச்சர், நம்ம குழுவுல இங்கிலீஷ் தேறினது நீங்கதானாம். இந்த ஒரு வரியில பிழை இருக்கான்னு பாத்துக் குடுக்கச் சொன்னார் தலைவர்." குரலைத் தாழ்த்தினார். "வெள்ளிக்கிழமை பேச்சு முடிஞ்சதும் உங்க படிவத்துல கையெழுத்துப் போடறாராம். வெளிநாட்டுக்காரங்க முன்னாடி, படம் எடுக்கற மாதிரி."

தெங் தாளை வாங்கினாள். எனக்கு அது தலைகீழாகத்தான் தெரிந்தது. இருந்தாலும் நடுவில் இருந்த சொல்லை உடனே கண்டுகொண்டேன். முழு வரி எனக்குப் பின்னால்தான் தெரிந்தது: தெங் ருய்லியானை இருபத்தாறு வருடம் நான் அப்ஸ்டேஜ் செய்தேன் என்று, தன்னைப் பற்றிப் பெருமையாக, தன் கையெழுத்திலேயே எழுதியிருந்தார்.

அவள் வெகுநேரம் படித்தாள். ஹாவ் காலை மாற்றி நின்றார்.

"வருஷத்துக்குப் பன்மை போடல" என்றாள். பேனாவை எடுத்து ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்து, தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஹாவ் போன பின், நான் அதற்கு முன்னும் பின்னும் செய்யாத ஒன்றைச் செய்தேன். அவள் விவகாரத்தில் வாயைத் திறந்தேன்.

"அக்கா, அந்தச் சொல்லைத் திருத்தல."

"தப்பா இருந்தாத்தான் திருத்தணும்."

"கையெழுத்து..."

"தெரியும்டி. இடுப்பைப் பாத்துத் தை."

அவள் கல் மாதிரி உறுதியாக இருந்தாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வியாழக்கிழமை காலை நான் கோங்கின் கோட்டைக் கொடுக்க மேல்மாடிக்குப் போனபோது, அவர் அறைக்கு வெளியே அவள் நின்றிருந்தாள். கை கதவைத் தட்டத் தூக்கியபடி இருந்தது. சொல்லத்தான் வந்திருந்தாள் என்று நினைக்கிறேன். அதைச் சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். அவர் நன்றி சொல்லிக் கையெழுத்துப் போட்டிருப்பார். உள்ளே அவர் தொலைபேசியில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"அவளா? நான் ஏத்தலைன்னா இன்னைக்கும் புளிக்காடிதான் கிளறிக்கிட்டு இருப்பா. அந்த வாடை இன்னும் போகல."

தெங் கையைக் கீழே விட்டாள். என்னைப் பார்த்தாள். "கோட்டுல ரெண்டாவது பொத்தான் தளர்ந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். பார்த்தேன், தளர்ந்துதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை கோங் அருமையாகப் பேசினார். அவர் நல்ல நடிகர், அதை மறுக்க முடியாது. கடைசியில் கே யுன்னைக் கையமர்த்தி நிறுத்தி, முதல் வரிசையில் இருந்த தெங்கை எழுந்து நிற்கச் சொன்னார். அவளை நோக்கிக் கையை நீட்டி, அந்த ஆங்கில வரியைத் தெளிவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

விருந்தாளிகள் சிரித்தார்கள். சிரிப்பு கைதட்டலாக மாறியது. விசில்கூட அடித்தார்கள். வெள்ளைத் தலைமுடி கொண்ட ஓர் ஆங்கில நடிகை எழுந்து வந்து தெங்கின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். எங்கள் ஆட்களும் புரியாமல் கைதட்டினார்கள். வகுப்பில் இருந்த ஏழு பேர் மட்டும் தட்டவில்லை. ஓவியர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கே யுன்னின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கோங் மூன்று தடவை தலைவணங்கினார். அவர் வாழ்க்கையில் அப்படியொரு கைதட்டல் வாங்கியதில்லை.

விருந்தில் பரிமாற ஆள் போதாமல் உடைப்பிரிவுப் பெண்களையும் நிறுத்தியிருந்தார்கள். குளிர்ந்த பன்றிக்கறித் துண்டுகள், இஞ்சி போட்ட புளிக்காடி, நண்டு உருண்டை எல்லாம் சுழலும் மேசையில் போய்க்கொண்டிருந்தன. கோங் மகிழ்ச்சியில் மிதந்தார். ஹாவைக் கூப்பிட்டுப் படிவத்தைக் கொண்டுவரச் சொன்னார். கடைசிப் பக்கத்தை விரித்தார். பேனாவின் மூடியைத் திறந்து, மூன்று வரியில் முதல் வரியை எழுத ஆரம்பித்தார். தெங் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். பேனா முனையைத் தவிர வேறு எதையும் அவள் பார்க்கவில்லை.

அப்போது விருந்தாளிக் குழுவின் தலைவர் கோப்பையோடு எழுந்தார். கோங்கைப் பார்த்து நீளமாகப் பேசினார். எல்லோரும் கே யுன்னைப் பார்த்தார்கள். வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவளுக்கு இருபத்தாறு வயது, ஆசிரியை. தவறாக மொழிபெயர்க்கத் தெரியாது.

"நாற்பது வருஷத்துல எத்தனையோ நடிகர்களைப் பாத்துட்டாராம்" என்று ஆரம்பித்தாள். "கூட நடிக்கறவங்களை முதுகு காட்ட வெச்சு, தன் முகத்தை மட்டும் காட்டிக்கிட்டதை, அதுவும் இருபத்தாறு வருஷம் அப்படிச் செஞ்சதை, இத்தனை பேர் முன்னாடி யாரும் ஒத்துக்கிட்டதே இல்லையாம். அதுக்குப் பெரிய மனசு வேணுமாம். அந்த மனசுக்காகக் குடிப்போம்னு சொல்றார்."

கோங் எழுந்தார், கோப்பையை உயர்த்தினார், குடித்தார், உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. பேனாவின் மூடியை எடுத்துப் பொருத்தினார். 'டிக்' என்ற சத்தம் எனக்குக் கேட்டது.

"பிழை பாக்கச் சொன்னேன்" என்றார் உதடு அசையாமல்.

"பாத்தேன். ஒரு எழுத்துப் போட்டேன்."

"அர்த்தம் தெரியாதுன்னு சொல்லாத."

"தெரியும். இப்ப உங்களுக்கும் தெரிஞ்சிருச்சு."

"அப்ப இதையும் தெரிஞ்சுக்கோ. இந்தப் பேப்பர் என் டிராயர்லயே ஓய்வு வாங்கும். உன்னோட சேந்து."

தெங் மேசையைச் சுழற்றினாள். கறித்தட்டு அவர் முன்னால் வந்து நின்றது. "புளிக்காடி தொட்டுச் சாப்பிடுங்க, தலைவரே. எங்க ஆலையோடது."

அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பின் படம் எடுத்துக்கொண்டார்கள். அதில் இரண்டு பேருமே சிரிக்கிறார்கள்.

படிவம் ஒன்றரை வரியோடு நின்றது. ஜூன் முப்பது போனது. தெங் தானே பண்பாட்டு அலுவலகத்துக்குப் போனாள்; பணியிடத்தின் கருத்து முழுமையாக இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு தடவை போனாள். மூன்றாவது தடவை போகவில்லை. கோங்கை அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் 'அப்ஸ்டேஜ்' என்றே அழைத்தார்கள். ஆனால் தெங் பக்கமும் யாரும் நிற்கவில்லை. ஒரு சொல்லுக்காக முப்பது வருட உழைப்பைக் குழியில் போட்ட முட்டாள் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பாதி நாள் இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஒரே ஒரு தடவை, உடைகளைத் திருப்பி ஒப்படைக்க வந்தபோது, அவளாகவே அந்தப் பேச்சை எடுத்தாள். "அவன் வாயால வந்துச்சு இல்ல?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பாவாடை ஒன்றில் ஓரம் பிரிந்திருப்பதாகவும், நான் வேண்டுமென்றே தைக்காமல் விட்டதாகவும் சொல்லிச் சண்டை பிடித்துவிட்டுப் போனாள்.

அடுத்த வசந்தத்தில் ஓய்வு பெற்றாள். வழியனுப்பும் கூட்டத்துக்கு வரவில்லை. கோங் இன்னும் சில வருடம் துணைத் தலைவராகவே இருந்து இறங்கினார். பிறகு அந்த ஆங்கிலத் தேர்வு விதியையே எடுத்துவிட்டார்கள். பின்திரை ஓவியர் கடைசிவரை தேறாமலேயே முதல் நிலைக்குப் போனார்.

இப்போது தெங்குக்கு எழுபது வயது. குழுவின் பழைய குடியிருப்பில் நான்காம் மாடியில் இருக்கிறாள். கோங் இரண்டாம் மாடி. லிஃப்ட் இல்லை. ஒவ்வொரு நாளும் காய்கறிப் பையோடு அவர் கதவைத் தாண்டித்தான் ஏறுகிறாள். இருவரும் பேசிக்கொள்வதில்லை. அலுவலகச் சுவரில் ஓய்வுபெற்றவர்களின் பட்டியலில் கோங் முதல் வரிசையில் இருக்கிறார். தெங் மூன்றாம் வரிசையில் இருக்கிறாள், பெயருக்குக் கீழே 'இரண்டாம் நிலை நடிகை' என்று போட்டிருக்கிறது.